குறி பார்க்கிறார்

ஊதுகிற சத்தம் கேட்டால் ஆள் இருக்கிறார். அவ்வளவுதான். நாலு விரற்கடை அறுப்பார், மர அறுப்பு மெஷினை நிறுத்துவார், குனிந்து ஃபூவென்று மரத்தூளை ஊதுவார், பென்சில் கோடு எங்கே போகிறதென்று பார்ப்பார், மறுபடி அறுப்பார். ஊரில் பாதிக் கிணற்று மோட்டாருக்குக் கம்பி சுற்றிய மனுஷர். பட்டறையை மூடிவிட்டாலும் சென்னியப்பனின் கை இன்னும் அவசரப்படாது. சமையல்கட்டின் பின்வாசல் படியில் உட்கார்ந்து பச்சைத் துணியில் பை தைத்துக்கொண்டிருந்த வசந்தாமணிக்கு, கொல்லையில், பொடக்காளி வேப்பமரத்தடியில் நிற்கிற புருஷன் தெரியவில்லை. தண்ணித்தொட்டி மறைத்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் தெரியும்தான். காலையில் அப்படித்தான் முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "என்ன புள்ள, பரீட்சை எழுதறவன எட்டிப் பாக்கற வாத்தியாராட்டம்? உள்ள போ" என்று விரட்டிவிட்டார். அதனால் இப்போது காது மட்டும் அவரோடு நின்றது. ஹாலில் தையல் மெஷின் சும்மா கிடந்தது. அதில் உட்கார்ந்தால் எட்டுப் பையும் சமையலுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஆனால் மிதிக்கிற சத்தத்தில் அந்த ஃபூ கேட்காது. ஏன் கையில் தைக்கிறாய் என்று அவர் கேட்டதற்கு, நூல் அந்து அந்து போகுதுங்க என்றாள். பொய் இப்போதெல்லாம் இருமல் மாதிரி வருகிறது, யோசிப்பதற்குள் வெளியே விழுந்துவிடுகிறது. ர்ர்ர்ர். ஃபூ. ஊசி உள்ளே போனது. ர்ர்ர்ர். ஃபூ. ஊசி வெளியே வந்தது. படியில் அவள் தலைக்கு மேலே சுவிட்சுப் பெட்டி. அதிலிருந்துதான் ஒயர் இறங்கி, படியைத் தாண்டி, தொட்டியைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போகிறது. அந்த இடத்தை அவள் யோசித்துத்தான் பிடித்திருந்தாள். கையை உயர்த்தினால் சுவிட்சு.

இந்த விளையாட்டுக்கு இங்கே பேர் கிடையாது. அமெரிக்காவில், ஒஹையோவில் இருக்கிற மகள் இந்துமதி ஏதோ பேர் சொன்னாள், இவர் அதைப் பலகை ஆட்டம் ஆக்கிக்கொண்டார். நாலடி நீளம், இரண்டடி அகலம், தலைமாட்டுக்கு ஓரடி உயரக் கால் கொடுத்துச் சாய்த்த பலகை. மேல்பக்கத்தில் சின்னத் தட்டு அளவுக்கு ஒரு ஓட்டை. எதிரும் புதிருமாக இரண்டு பலகை. தூரத்தில் நின்று மக்காச்சோளம் நிரப்பிய பையை எறியவேண்டும், ஓட்டைக்குள் விழுந்தால் மூணு, பலகைமேல் நின்றால் ஒண்ணு. ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால் நொடியில் பிடித்துக்கொள்ளும். அதற்கு இந்த மனுஷர் ஒரு மாசமாகத் தூக்கமில்லாமல் இருக்கிறார். அடுத்த வாரம் இந்துமதியும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். அவர்கள் வருவதற்குள் இரண்டு பலகையும் உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, வேப்பமரத்துக்கும் தென்னைக்கும் நடுவில் நிற்கவேண்டும். முதல் பலகை நேற்றே முடிந்து சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் ஓட்டைக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, "பாத்தியா, எங்காச்சும் தட்டுதா?" என்றார். எங்கேயும் தட்டவில்லை. பட்டறையை மூடிய பிறகு டிவி முன்னால் நாற்காலியோடு நாற்காலியாகிப் போயிருந்தவர், இந்தப் பலகையால் எழுந்து நடக்கிறார். காலையில் சவரம் செய்துகொள்கிறார். சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார். இதைப் பிடுங்கிவிட்டு என்னத்தைக் கொடுப்பது? சோளத்தை அள்ளிப் பைக்குள் போட்டாள். வெயிலில் காயவைத்திருந்தும் ஒன்றிரண்டில் வண்டு இருந்தது. பொறுக்கி எறிந்தாள். ர்ர்ர்ர். அப்புறம்.

அப்புறம் ஒன்றும் இல்லை. ஃபூ வரவில்லை. ஊசி துணியில் பாதி நின்றது. தண்ணீர் குடிக்கிறாராக்கும். கண்ணாடியைத் துடைக்கிறாராக்கும். பிளேடு மாற்றுகிறாராக்கும், மாற்றினால் திருப்புளி டப்பா சலசலக்குமே. காக்கை ஒன்று கத்தியது, அதுவும் நிறுத்திவிட்டது. எழுந்துபோய்ப் பார்த்தால் கோபம் வரும். பார்க்காமல் இருந்தால்? மெஷினில் ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு, கட்டைவிரலால் தட்டிவிட்டால் பிடியை விட்டாலும் பிளேடு ஓடிக்கொண்டே இருக்கும், அதை அவரே பெருமையாகக் காட்டியிருக்கிறார். இப்போது நின்றிருக்கிற மெஷின் அடுத்த நொடி ஓடினால், அதைப் பிடித்திருக்கிற கை யாருடையது? அவருடையதா, அவர் இல்லாத நேரத்தில் அவர் உடம்பில் இருக்கிறதே அதனுடையதா? ர்ர்ரென்று திடீரென்று மெஷின் உயிர்பெற்றதும் வசந்தாமணியின் கை தானாக எழுந்து சுவிட்சைத் தட்டியது. சத்தம் செத்தது. "ஏம்புள்ள!" என்று உடனே குரல் வந்தது, தெளிவான, எரிச்சலான, முழுசாக அவருடைய குரல். "கரண்டு போச்சா?" ஆமாங்க என்றாள். மனசுக்குள் நாலு எண்ணிவிட்டு சுவிட்சைப் போட்டாள். "வந்துருச்சுங்க!" "டிரான்ஸ்பார்மர்ல எவனோ கை வைக்கறான்" என்று அவர் சொல்வது கேட்டது. காரணம் கண்டுபிடித்துவிட்ட திருப்தி அந்தக் குரலில் இருந்தது. ர்ர்ர்ர். ஃபூ. அவள் உள்ளங்கை வேர்வையில் பச்சைத் துணி ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை இப்படிச் செய்யலாம். இன்னொரு தடவை செய்தால், கரண்டிலேயே பிழைத்த மனுஷர், வீட்டுக்குள்ள ஃபேன் மட்டும் எப்படி ஓடுது என்று வந்து கேட்பார்.

முதல் தடவை ஆள் இல்லாமல் நின்றது இந்த ஆட்டத்தில்தான், மகளைப் பார்க்கப் போயிருந்தபோது. ஒஹையோவில் இந்துமதி வீட்டுக்குப் பக்கத்து வீடு, ராய் என்ற கிழவர், சிவந்த முகம், அரைக்கால் சட்டை. புல்லை ஒட்ட வெட்டியிருந்த அவர் வீட்டுப் பின்புறத்தில் பத்துப் பதினைந்து பேர். சென்னியப்பனுக்கு இங்கிலீஷில் ஓகேவும் தேங்க்யூவும்தான். முதல் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பிறகு ராய் அவர் கையில் ஒரு பையைத் திணித்தார், அதற்கப்புறம் பாஷை தேவைப்படவில்லை. எறிந்ததெல்லாம் பலகைமேல் விழுந்தது. கடைசிப் பை. அது உள்ளே போனால் ஆட்டம் அவருடையது. கையைத் தூக்கினார். தூக்கின கை தூக்கினபடியே நின்றது. பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிற்று. யாரோ ஏதோ கேட்டார்கள், இந்துமதி சிரித்துக்கொண்டே, "அப்பா குறி பார்க்கிறார்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னாள். எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். வசந்தாமணி மட்டும் எதிர்ப்பலகைப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில். அவள் மட்டும்தான் முகத்தைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடக்கிறது, உள்ளே கூப்பிட்டால் ஆள் இல்லை, அப்படி. வாய் மட்டும் எதையோ மென்றது. வாயில் ஒன்றும் கிடையாது. பிறகு எங்கிருந்தோ திரும்பி வந்தார், கையில் பை இருப்பதைப் பார்த்தார், எறிந்தார். ஓட்டைக்குள் போய் விழுந்தது. ஓவென்று கத்தினார்கள், ராய் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து மேலே தூக்கினார். மாப்பிள்ளை பின்னாலிருந்து எடுத்த வீடியோவை இவர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். முதுகும் தூக்கின கையும்தான் அதில் தெரியும். "பொறுமையப் பாரு, இந்தப் பொறுமைதான் வேணும்" என்பார். தான் இல்லாத நேரத்தைத் தானே பார்த்துப் பூரித்துப்போகிறார், அவள் அப்போதெல்லாம் அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுவாள்.

அதற்கப்புறம் சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றும்போது. டம்ளர் நிறைந்து, மேஜை நனைந்து, வேட்டி நனைந்தது. கை நடுங்கிப்போச்சு என்றார் பிறகு, நடுங்கவே இல்லை. அதற்கப்புறம் வண்டியில். பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள், சந்தைப்பேட்டை முக்கில் பஸ் ஒன்று வளைந்து வந்தது, இவர் வண்டி அதே வேகத்தில் நேராகப் போயிற்று. பஸ்காரர் அலறி அடித்து ஒடித்தார், கண்டக்டர் தலையை நீட்டி வாயில் வந்ததைச் சொன்னார். நாலு கடை தாண்டித்தான் இவர் வண்டியை ஓரங்கட்டி, "ஆரோ நம்மளத் திட்டறாப்புல இருந்துதே" என்றார். அன்றைக்கு ராத்திரி வண்டிச் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். காணோம் என்றாள். வெளியே போக வண்டி இல்லாமல்தான், வீட்டோடு இருக்கிறோம், ஒரு வேலையைப் பார்ப்போம் என்று இந்த மெஷினை வாங்கி வந்தார். வண்டியிலிருந்து காப்பாற்றி வாள் பிளேடில் கொண்டுவந்து நிறுத்தியது அவள்தான். இதை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அங்கேயேதான் வந்து முட்டுகிறது. டாக்டரிடம் போகலாங்க என்றால், எனக்கு என்ன கேடு என்பார். கேட்டால் சொல்லவேண்டும். சொன்னால் அதற்கு ஒரு பேர் வரும். பேர் என்றதும் பள்ளிக்கூடத்து மயிலாத்தாள் வந்து நின்றாள், பிரார்த்தனை வரிசையில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தவள், யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், மறுநாளிலிருந்து அவளுக்குத் தனி பெஞ்சு. வலிப்புக்காரி வீடு என்றே அந்த வீட்டுக்குப் பேராகி, அவள் தங்கச்சியைப் பெண்பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். இவருக்கு அப்படி இல்லையே. இழுக்கவில்லை, விழவில்லை, நுரை இல்லை. ஆள் கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறார், அவ்வளவுதானே. அவ்வளவுதானா? போனவர் ஒருநாள் வழி மறந்துவிட்டால்? இந்துமதியிடம் சொல்லலாம். சொன்னால் அவள் பலகையைப் பார்த்து அழுவாள், மாப்பிள்ளை மெஷினைத் தூக்கிப் பரணில் வைப்பார், இவர் நாற்காலிக்குத் திரும்புவார். ர்ர்ர்ர். ஃபூ. இருக்கிறார். அரைவட்டம் தாண்டியிருக்கும். இன்னும் அரை. இது முடிந்துவிட்டால் வெறும் உப்புத்தாள், வெறும் வார்னிஷ், அதில் ஆபத்தில்லை. இதுமட்டும் முடியட்டும்.

தெருவில் தக்காளி ஆட்டோ வந்தது. தக்காளி, தக்காளி, பெங்களூர் தக்காளி, நாட்டுத் தக்காளி என்று மைக்செட் காதைக் கிழித்தது. வசந்தாமணி ஊசியைக் கீழே வைத்தாள். ஆட்டோ வீட்டு முன்னால்தான் நிற்கவேண்டுமா? யாரோ தேங்காய் என்ன விலை என்றார்கள், அதற்குள்ளும் மைக் நிற்கவில்லை. தக்காளிக்கு அடியில் எங்கோ ர்ர்ர் இருந்தது, இருந்ததா, இல்லை அவள் காதே அதை உண்டாக்குகிறதா? ஃபூ இந்தச் சத்தத்தில் கேட்க வழியே இல்லை. போ, போ, நகரு, உனக்குப் புண்ணியமாப் போகும். ஆட்டோ நகர்ந்தது, மூலை திரும்பியது, சத்தம் ஒரு சுவருக்குப் பின்னால் போய் மங்கியது, பொடக்காளி திரும்பக் கிடைத்தது. ர்ர்ர்ர்ர்ர்ர்ர். ஓடிக்கொண்டிருந்தது. நல்லது. இப்போது நிறுத்துவார், ஊதுவார். ர்ர்ர்ர்ர்ர். நாலு விரற்கடை ஆகியிருக்கும். ஆறும் ஆகியிருக்கும். எப்போது ஆரம்பித்ததென்று தெரியாதே, தக்காளியில் போய்விட்டதே. ஊதுங்க. ஒருவேளை வட்டம் முடியப்போகிறதென்று ஒரே மூச்சில் இழுக்கிறாரோ. அப்படிச் செய்கிறவர் இல்லை. அவசரக்காரன் கையில அரம் நிக்காது என்று பட்டறையில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். ர்ர்ர்ர்ர்ர்ர்ர். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தப்பாக அணைத்துவிட்டால் இன்றைக்கே கேட்டுவிடுவார், என்ன புள்ள விளையாடறியா என்று. கேட்கட்டும். கை சுவிட்சில் இருந்தது. விரல் அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை? அழுத்தினால் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கிறவரை அவர் அங்கே கோட்டைப் பார்த்து அறுத்துக்கொண்டிருக்கிறார். ஊதுங்க, ஏனுங்க, ஒருக்கா ஊதுங்க. அழுத்தினாள்.

சத்தம் நின்றது. அவள் காத்திருந்தாள். ஏம்புள்ள என்று வரவேண்டும். கரண்டு போச்சா என்று வரவேண்டும். எரிந்து விழவேண்டும், டிரான்ஸ்பார்மர்காரனைத் திட்டவேண்டும். ஒன்றும் வரவில்லை.

மடியிலிருந்த சோளம் படியெல்லாம் சிதற எழுந்து ஓடினாள். தொட்டியைச் சுற்றியதும் பார்த்தாள். நின்றுகொண்டுதான் இருந்தார். செத்த மெஷினை இரண்டு கையாலும் பிடித்தபடி இல்லை, வலது கையால் தள்ளிக்கொண்டிருந்தார், இடது கை பலகையை அமுக்கிப் பிடித்திருந்தது. ஓடாத மெஷின் நகரவில்லை, அது அவருக்குத் தெரியவில்லை, தோள் மட்டும் மெல்ல மெல்ல முன்னால் அமுங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் கண் திறந்திருந்தது. வாய் மென்றது. பிளேடு பென்சில் கோட்டில் இல்லை. வட்டம் வளையவேண்டிய இடத்தில் வளையாமல், நூல் பிடித்தமாதிரி நேராகப் பலகைக்குள் ஏறி, அவருடைய இடது கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நின்றிருந்தது. தொடலாமா? தொட்டால் திடுக்கிட்டுக் கை போகும். ஒயர் செத்திருக்கிறது என்று அவளுக்கே தன்னைச் சொல்லி நம்பவைக்கவேண்டியிருந்தது. இடது கை மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக, தூங்குகிற குழந்தையின் கையை எடுக்கிறமாதிரி, பலகையிலிருந்து எடுத்தாள். கை எதிர்க்கவில்லை. சூடாக இருந்தது. நெஞ்சுக்கு நேராக அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வேப்பம்பழம் ஒன்று பலகைமேல் விழுந்து உருண்டது.

முழுங்கினார். கண்ணுக்குள் ஏதோ வந்து உட்கார்ந்தது. அவளைப் பார்த்தார், அவள் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார், மெஷினின் பொத்தானை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

"கரண்டு போச்சா?"

ஆமாங்க என்று தொண்டைவரை வந்துவிட்டது. எப்போதும்போல யோசிப்பதற்குள். நாக்கு நுனியில் அதை நிறுத்திப் பிடித்தாள்.

"கரண்டு போகலீங்க" என்றாள். "நீங்கதான் போயிட்டீங்க."

"என்ன பேச்சுப் பேசற நீ?" கையை உதறி உருவிக்கொண்டார். "மெஷின் ஓடறப்ப சுவிட்ச அணைச்சது நீயா? முன்னாடி அணைஞ்சதும் நீதானா? மோட்டார் காயில் என்னத்துக்காகும் தெரியுமா?"

அவள் பலகையைக் காட்டினாள். அவர் குனிந்தார். வழக்கம்போலக் குனிந்து, வழக்கம்போல ஊதினார், தூள் பறந்தது, கோடு தெரிந்தது. பென்சில் கோடு இடதுபுறம் வளைந்து போயிற்று. அறுத்த கோடு அதை விட்டுவிட்டு நேராகப் போயிற்று. கண்ணாடியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார். அறுப்பின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, கோட்டை விட்ட இடத்திலிருந்து பிளேடு நின்ற இடம்வரை நகர்த்தினார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, எந்தச் சுற்றில் கருகியிருக்கிறதென்று தேடுகிற முகம். பிறகு இடது கையை, முன்பு இருந்த இடத்திலேயே, தூளில் பதிந்திருந்த தன் விரல் தடத்திலேயே வைத்துப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருந்ததைப் பார்த்தார். கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இது நான் அறுத்ததா?"

"ஆமாங்க."

"எப்பலருந்து புள்ள?"

"ஒஹையோவுலருந்து. ராய் ஊட்ல. கைய ஓங்கினமானிக்கே நின்னீங்களே."

"குறி பாத்தேனே" என்றார். கேள்வியா என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. "நான் ஜெயிச்ச ஆட்டம் அது."

"ஜெயிச்சது நீங்கதான். அதுல சந்தேகமில்ல. அதுக்கு முன்னாடி நீங்க இல்ல."

"இந்துவுக்குத் தெரியுமா?"

"ஆருக்கும் தெரியாதுங்க."

"நீ மட்டும் வெச்சுக்கிட்டுக் கெடந்தியா? இத்தன மாசமா?" கோபம் என்று நினைத்தாள். முகத்தைப் பார்த்தால் கோபம் இல்லை. மெஷினைத் தரையில் இறக்கி வைத்தார், பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார், அவளுக்கும் இடம்விட்டு நகர்ந்தார். அவள் உட்காரவில்லை.

"வீடியோவுல முதுகுதான தெரியும்" என்றார். "எம் மூஞ்சி எப்படிப் புள்ள இருக்கும் அப்ப?"

"சொல்லத் தெரியலீங்க."

"சொல்ல வேண்டாம். காட்டு."

"ஐயோ, என்னங்க இது."

"காட்டு வசந்தா. நாளைக்கு டாக்டர் கேட்டா எனக்குத் தெரியணுமல்ல. எங்கிட்ட இருக்கறத நான் பாக்க வேண்டாமா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவருக்கு எதிரே நின்று, பார்வையை அவர் தோளுக்கு மேலே, மரத்தில், மரத்துக்கும் அப்பால் எங்கோ விட்டாள். கன்னத்தைத் தளர்த்தினாள். உதட்டை அசைத்து இல்லாததை மென்றாள். கஷ்டமாகவே இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒவ்வொரு அசைவும் மனப்பாடமாக உள்ளே இருந்திருக்கிறது. அவர் லேசாகச் சிரிப்பது கேட்டது. "இப்படியேவா?" என்றார். அவள் திரும்பவில்லை. பாதியில் விடக்கூடாது, எவ்வளவு நீளமோ அவ்வளவையும் பார்க்கட்டும், டம்ளர் வழிகிற நேரம், பஸ் வளைந்து வருகிற நேரம், அவள் ஒவ்வொரு தடவையும் நின்று பார்த்த நேரம். சிரிப்பு நின்றது. "சரி, தெரிஞ்சுது" என்றார். மென்றாள். "வசந்தா." அவர் எழுந்து நிற்பது கண் ஓரத்தில் தெரிந்தது. அவர் முகம் அவள் முகத்துக்கு முன்னால் வந்தது, அதை ஊடுருவி அவள் மரத்தையே பார்த்தாள். "ஏய், போதும்ங்கறனில்ல." மரத்தூள் அப்பிய கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது, வலிக்கிற அளவுக்குப் பிடித்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் கேட்டறியாத ஒரு குரல் வந்தது.

"போதும் புள்ள. வந்துரு."